கண்ணடித்தால் பாயசம்

போன மாதம் வலியசாலையில் ஒரு கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளையின் அத்தையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டேன்.

பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் அடிக்கவில்லை. அதுவாக அடித்துக்கொண்டது. வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — தெரியாத பெண்மணி எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நடக்கிற ஆள் நான். என் மனைவி செண்பகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரியசாலையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் கணபதி அண்ணாச்சியிடம் நான் பந்தி விசாரிக்கிறவன். இலை வரிசையின் தலைமாட்டில் வெள்ளை வேட்டியோடு, கை கூப்பி நின்றுகொண்டு, யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் வேண்டுமா என்ன? இருநூறு பேரை ஒரு வார்த்தை பேசாமல் உபசரிக்கலாம். பேச வராதவனுக்கு இது சொர்க்கம்.

பேசாமல் எப்படி? கண்ணால்தான். கை கூப்பியிருக்கிறதே, வேறு என்ன செய்வது? புருவத்தைத் தூக்கினால் தண்ணீர். இலையைக் குனிந்து பார்த்தால் சோறு. வலது கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் போளியும் பால்பாயசமும். இரண்டு தடவை என்றால் அடைப்பிரதமன், அதாவது வெல்லப் பாயசம். எங்கள் ஊர்ப் பந்தியில் சாம்பார் முடிந்து பாயசம் ஒரு நொடி முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். பாயச வாளி சுமக்கும் சுடலை பதினெட்டு வருஷமாக என் வலது கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பெண்டாட்டியின் கண்ணைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

அந்தக் கண்தான் துடிக்க ஆரம்பித்தது.

முதலில் கீழ் இமை மட்டும். "ஆம்பிளைக்கு வலது கண்ணு துடிச்சா நல்லதாக்கும்" என்றாள் செண்பகம். ஆறு மாதமாக நல்லது விடாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு இமை முழுக்க. பிறகு கன்னம், உதட்டோரம்... முகத்தின் பாதி தனியாக ஒரு கல்யாணத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

சரி, வலியசாலைக்கு வருவோம். இலையில் பருப்பு போட்டு, நெய் ஊற்றியிருக்கிறது. சாம்பார் வாளி இன்னும் கதவு தாண்டவில்லை. என் கண் அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நிற்கவே இல்லை. சுடலை பாவம், என்ன செய்வான்? போளியோடு ஓடி வந்தான். பின்னாலேயே பால்பாயசம், அதன் பின்னாலேயே அடைப்பிரதமன். பருப்பு சோற்றின் மேல் போளி விழுந்தது. நான் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினேன். எங்கள் கணக்கில் தலையை ஆட்டினால் 'இன்னும் போடு' என்று அர்த்தம். போட்டான்.

எதிர் இலையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க ஆளு எதுக்கு என்னைப் பாத்துக் கண்ணடிக்கான்?"

அண்ணாச்சி அன்றைக்கு அத்தையைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார். மறுநாள்தான் கூப்பிட்டார். "வே, அடுத்த மாசம் கடைசியில ஒரு கல்யாணம் இருக்கு. அதிலயும் இந்தக் கூத்து நடந்தா நீரு கலவறைக்குப் போயிரும். சாமான் எடுத்துக் குடுத்துக்கிட்டு அங்கேயே இரும்."

கலவறை என்றால் சாமான் அறை, ஜன்னல்கூடக் கிடையாது. தேங்காயையும் வாழைக்காயையும் நான் எப்படி உபசரிப்பது?

செண்பகத்தின் தங்கை விஜிதான் வழி கண்டுபிடித்தாள். விஜி என்னைப் போல் இல்லை. பஸ்ஸில் முன்சீட்டில் இருந்துகொண்டு பின்சீட்டில் இருப்பவரோடு வீட்டுக் கதை பேசுவாள். "அத்தான், முகச் சுருக்கத்துக்கு ஒரு ஊசி போடுகாங்க பாத்தேளா, அதே மருந்துதான் கண்ணு துடிக்கதுக்கும். போன்ல பாத்தேன். எங்க பியூட்டி பார்லர் சேச்சி தம்பானூர்ல ஏற்பாடு பண்ணியிருக்கா. ஏழு பேரு போறோம். நீங்களும் வாங்க."

போனேன். கலவறை பயம் அப்படி.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி. ஏழு பெண்கள், ஒரு நான். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கண் காலண்டரில் இருந்த குழந்தைக்குக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, சாப்பாடு கொண்டுபோகும் பையைத் திறந்தாள். உள்ளே வரிசையாக சிரிஞ்சுகள். எல்லாவற்றிலும் மருந்து ஏற்கெனவே நிறைத்திருந்தது. ஐஸ் இல்லை. குப்பி இல்லை. லேபிள் இல்லை.

எனக்கு மருந்து தெரியாது. ஆனால் பால் தெரியும். எந்தப் பால் பாக்கெட் எப்போது பிரித்தது என்று தெரியாமல் ஒரு சொட்டு பாயசத்தில் விட மாட்டேன். விஜியின் காதில் மெல்லக் கேட்டேன்: "இதை எப்போ கலக்கினாங்க?"

விஜி எனக்கு ஒலிபெருக்கி. "அத்தான் கேக்காங்க, மருந்தை எப்போ கலக்கினீங்கன்னு."

"காலையில... இல்ல, நேத்து ராத்திரி."

"குப்பி எங்கேன்னு கேக்காங்க."

"குப்பி வேற இடத்துல இருக்கு."

"நீங்க டாக்டரான்னு கேக்காங்க."

இதை நான் கேட்கவே இல்லை. விஜி சொந்தமாகச் சேர்த்தது. அந்தப் பெண், "கோர்ஸ் முடிச்சிருக்கேன்" என்றாள். எத்தனை நாள் கோர்ஸ் என்று இன்னொரு பெண்மணி கேட்டார். ரெண்டு நாள்.

நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் விஜி எழுந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக... ஏழு பெண்களும் என் பின்னால் மாடிப்படி இறங்கினார்கள். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே ஊர்வலம் அதுதான். கீழே டீக்கடையில் நின்று எல்லோரும் டீ குடித்தோம். ஒரு சேச்சி நெற்றியைத் தடவிக்கொண்டே, "இந்தச் சுருக்கம் எல்லாம் இங்கேயே இருக்கட்டும், அல்லே?" என்றார்.

அப்புறம் ஒழுங்கான வழி. ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். விஜியும் கூட வந்தாள். ஒலிபெருக்கி இல்லாமல் நான் எங்கே போவது? டாக்டர் அம்மா மலையாளி. தமிழ் தெரியும். முதலில் ஊசியை எடுக்கவில்லை, தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முகத்துக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்துகொண்டு அதைச் சீண்டுகிறதாம். வேறு பயப்படும்படி ஒன்றும் இல்லை. பிறகு கேள்விகள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தசை தளரும் வியாதி உண்டா? விழுங்கச் சிரமம் உண்டா? முன்பு இந்த ஊசி போட்டிருக்கிறீர்களா? ஒரு கல்யாண வீட்டில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை.

"இது என்ன மருந்து?" என்று நானே கேட்டேன். மெதுவாகத்தான்.

டாக்டர் சிரித்தார். "சேட்டன் சமையல் ஆளுதானே, சொன்னா மனசிலாகும். சரியா காய்ச்சாம அடைச்ச டின்னு, கெட்டுப்போன சாப்பாடு... அதுல ஒரு கிருமி வளந்து விஷம் உண்டாக்கும். அந்த விஷம்தான்."

நாற்காலி என்னை விட்டு நகர்ந்த மாதிரி இருந்தது. பச்சடிக்கு வரும் அன்னாசி டின் லேசாக உப்பியிருந்தால் திறக்காமலே தூக்கி எறிகிறவன் நான். அந்த விஷத்தைத் தேடி, முன்பதிவு செய்து, என் முகத்தையே கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன்.

"பேடிக்கண்டா" என்றார் டாக்டர். அதாவது பயப்படாதீர்கள். "வயத்துக்குள்ள கொடுக்கல்ல. சுத்தம் பண்ணி, ரொம்பக் கொஞ்சமா, எந்தத் தசை துடிக்குதோ அதுல மட்டும். அந்தத் தசை கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும். அவ்வளவுதான்."

எனக்குப் பெருங்காயம் ஞாபகம் வந்தது. அண்டா நிறைய சாம்பாருக்கு எவ்வளவு போடுகிறோம்? அதையே கட்டியாக ஒருத்தர் இலையில் வைத்தால்? எழுந்து சண்டைக்கு வர மாட்டாரா? அளவு தெரிந்த கை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வெளியே காத்திருந்தபோது பார்த்தேன். பக்கவாதத்தில் விரல் மடங்கிப் போன ஒருவர், கழுத்து ஒரு பக்கமே திரும்பிக்கொள்ளும் ஒரு டீச்சர், தீராத ஒற்றைத் தலைவலிக்கு வந்த ஒரு போலீஸ்காரர் — எல்லோருக்கும் இதே ஊசிதானாம். நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டால் மட்டும் நாம் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம்? முகம் அவரவருடையது. போடுகிற கை யாருடையது என்பதல்லவா கேள்வி?

குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, லேபிளை எனக்குக் காட்டி, என் கண் முன்னாலேயே மூடி திறந்து கலக்கினார்கள். எனக்கு மனசு நிறைந்தது. கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் ஐந்து குத்து. கட்டெறும்பு அளவுதான்.

டாக்டர் சொல்லி அனுப்பினார். "இன்னைக்கு அங்கே தேய்க்கண்டா. குணம் தெரிய நாலஞ்சு நாள் ஆகும். ஏகதேசம் மூணு மாசம் நிற்கும், அப்புறம் வேணும்னா மறுபடி போடலாம். கண்ணு காஞ்சா சொட்டு மருந்து விடணும். இமை கொஞ்சம் தாழலாம், சரியாயிடும். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் வந்தா, பேச்சு குளறினா, நேரம் பார்க்காம உடனே இங்க வரணும். பின்னே, அந்தக் கண்ணை இறுக்கி மூட கொஞ்ச நாள் முடியாது, கேட்டோ?"

கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசி வாக்கியத்துக்கும்தான்.

விஜி தன் நெற்றியைக் காட்டினாள். "எனக்கும் போடலாமா டாக்டர்?" தோல் டாக்டரிடம் அனுப்பினார். அங்கேயும் அதே கேள்விகள். பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, "நாப்பத்தியாறு வயசுல என்னை ஏன் சிரிக்க வைக்கீங்க?" என்று அந்த மாடியே அதிரச் சிரித்தாளாம். இப்போது அவள் நெற்றி வழித்த வெண்ணெய் மாதிரி இருக்கிறது. அவள் கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால், அவள் புருஷன் எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுகிறாராம்.

எனக்கு ஐந்தாம் நாள் துடிப்பு அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். காற்றில்லாத குளம். செண்பகம் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "கண்ணடிச்சது கொஞ்சம் நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

மாதக் கடைசியில் அந்தக் கல்யாணம். முதல் பந்தி. முகம் சொன்னபடி நின்றது. பருப்பு, நெய், சாம்பார்... எல்லாம் வரிசை தப்பவில்லை. அடுக்களைக் கதவில் அண்ணாச்சி கை கட்டிக்கொண்டு நின்றார். சாம்பார் சோறு முடிந்தது. இலைகள் காலியாக இருந்தன. நான் சுடலையைப் பார்த்து, வலது கண்ணை மூடினேன்.

கண் மூடவில்லை.

மறுபடி முயன்றேன். தூங்கப்போகும் கோழியைப் போல இமை பாதிவரை வந்து நின்றது. டாக்டரின் கடைசி வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது. துடிப்பை நிறுத்துவதிலேயே குறியாக இருந்த எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. இடது கண்ணை மட்டும் மூட எனக்கு வராது, கூடவே தலையும் சாயும். சாய்ந்தது. நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து சுடலையும் கண்ணை மூடிக்கொண்டான்.

இருநூறு இலை. இருநூறு கை காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். அண்ணாச்சி கதவை விட்டு என்னை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் கலவறை தெரிந்தது.

வாயைத் திறந்தேன்.

"ஏ சுடலை... பாயசம் கொண்டு வாடே."

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. நாகஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. அண்ணாச்சி நடந்த இடத்திலேயே நின்றார். சுடலை வாளியும் கையுமாக வாயைப் பிளந்து நின்றான். "அண்ணே... பேசுவீங்களா?"

பிறகு ஓடினான். போளி விழுந்தது. பால்பாயசம் விழுந்தது. அடைப்பிரதமனுக்கு இன்னொரு தடவை கத்தினேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை, அவன் ஏற்கெனவே பக்கத்தில்தான் நின்றான். ஆசையாக இருந்தது. கத்தினேன். கடைசிப் பந்தியில் 'அங்கே மாமிக்கு மோர்' என்று ஒரு பெண்மணியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன் என்றால் நம்புவீர்களா?

மூன்று மாதம் கழிந்தால் கண் பழையபடி துடிக்கலாம். மறுபடி ஊசிக்குப் போவேன், அதே டாக்டரிடம்.

வாய்க்கு மட்டும் ஒரு ஊசி உண்டா என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.