பெயர் மட்டும் பள்ளியில் இருந்தால் போதாது

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார், நண்பர் அனைவருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் பயத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மலரில் போய் பயத்தை எழுதுவார்களா என்று மாமா கடிந்துகொண்டார். எனக்கு வருவதைத்தானே நான் எழுத முடியும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா திண்டுக்கல் நகரில், ஓர் ஆசிரியர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் சிறுவனாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். டியூஷன் எடுத்துத் தானும் படித்து, என்னையும் அதட்டிப் படிக்க வைத்தவர் அக்கா. கணக்கு டீச்சராகப் போ என்று ஊரே சொன்னது. அவர் சிறப்புக் கல்வி படிக்கப் போனார். அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் வேலை கிடைத்தது. அதுவும் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பு வருமா வராதா என்று வீட்டில் எல்லோரும் நாள் எண்ணுவோம், அக்காவைத் தவிர. சில வருடம் குஜிலியம்பாறைப் பக்கம், பிறகு வடமதுரை, அய்யலூர் என்று ஸ்கூட்டியிலேயே காலம் போனது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் டீ நன்றாகவும் இருக்காது.

என் மகள் அமலி பிறந்த பிறகுதான் அக்காவின் வேலை என்னவென்று எனக்கு உண்மையாகப் புரிந்தது. அமலிக்குப் பேச்சு வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்றார் டாக்டர். இந்தப் பிள்ளை எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எங்களுக்குப் பிறகு என்ன ஆகும் என்று அன்று பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை.

வீட்டுவழிக் கல்வி என்று ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர் பள்ளியில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும். ஆசிரியர் எப்போதாவது வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி என்று அக்காவே சொல்வார். ஆனால் ஓடியாடும் பிள்ளையை அதில் தள்ளினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் இப்போது குடியிருக்கும் வடமதுரையில் என் ஜெராக்ஸ் கடைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் அமலியை மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர் அக்காதான்.

நான்காம் வகுப்பில் ஒருநாள் அந்த அனர்த்தம் நடந்தது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளோடு பிள்ளையாக வெளியே வந்த அமலி, கேட்டையும் தாண்டிப் போய்விட்டாள். எதிரே திருச்சி ரோடு. அன்று அய்யலூரில் ஆட்டுச் சந்தை. ஆடு ஏற்றிய வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகின்றன. பள்ளியிலிருந்து போன் வந்ததும் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லாத பிள்ளையை ரோட்டில் எப்படித் தேடுவது? அப்பா என்று ஒருமுறை கூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை; அன்று ஆபத்தில்கூடக் கூப்பிட மாட்டாளே என்று ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். கடைசியில், டீக்கடை ஓரம் நின்றிருந்த வண்டியின் பக்கத்தில், ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள்.

இனி வீட்டோடு இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியரும் அதையே சொன்னார், அவருக்கும் பாவம் வேர்த்துக் கொட்டியிருந்தது. அய்யலூரிலிருந்து வந்து சேர்ந்த அக்கா தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை.

"மணி அடிச்சா எல்லாப் பிள்ளையும் வெளிய ஓடுது, இவளும் ஓடுனா. அதுல என்னடா தப்பு? திரும்பி வரத்தான் தெரியல. அதச் சொல்லிக்குடுப்போம்."

மறுநாளிலிருந்து மணி அடித்தால் அமலியின் கையைப் பிடிக்க ஒரு பிள்ளை, திரும்பக் கூட்டிவர ஒரு பிள்ளை என்று முறை போட்டார். அதற்குப் பிள்ளைகளிடையே அடிபிடி சண்டை. எனக்கு மட்டும் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும்.

போன கோடையில் அக்காவுக்கு வயிற்று வலி என்று போனோம். கட்டி முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம், நீயும் போயிட்டா அமலிய யாருக்கா அந்தப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பா என்று கேட்டே விட்டேன். சாகக் கிடப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? பயம் கேட்க வைத்தது. அக்கா கண்ணை மூடியபடி சொன்னார்:

"பயமா இருந்தா பயந்துக்க. பிள்ளைய மட்டும் நிப்பாட்டிராத."

பள்ளி திறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், இறுதித் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தை, மழையிலும் கல்லறை வரை நடந்து வந்த சிறப்பாசிரியர்கள், தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த தாய்மார்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரு கூட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

அக்கா போன சில நாளில், அமலி ஆறாம் வகுப்புக்குப் போன முதல் நாள். வகுப்பாசிரியை புதிதாக மாறி வந்தவர். கொஞ்ச நாள் பார்ப்போம், சரிப்படாவிட்டால் வீட்டுவழிக்கு மாற்றிவிடலாம் என்று தலைமையாசிரியர் தன்மையாகத்தான் சொன்னார். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். பையன்கள் பெயர் முடிந்து பெண்பிள்ளைகள் பெயர் தொடங்கியது. அமலி என்றார். பதில் இல்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். போச்சு, முதல் நாளே விட்டுவிட்டார்கள் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அனிதா என்றார். அனிதாவும் பேசவில்லை. இந்துமதி என்றார். அவளும் வாய் திறக்கவில்லை. டீச்சருக்குக் குரல் ஏறியது. என்ன எல்லோரும் ஊமையாகிவிட்டீர்களா என்றார். அனிதா எழுந்து நின்றாள்.

"மிஸ், அமலி இன்னும் சொல்லல மிஸ். செத்த நேரம் ஆகும். அவ சொன்னப்புறந்தான் நாங்க சொல்லுவோம். எங்க பெரிய மிஸ் அப்பிடித்தான் பழக்கிருக்காங்க."

அந்தப் பெரிய மிஸ் எங்கள் அக்கா. இப்படி ஒரு பழக்கம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அமலி ஜன்னலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், அவளுக்கு எப்போது தோன்றியதோ அப்போது உள்ளங்கையால் பெஞ்சில் தட்டினாள். டீச்சர் குனிந்து குறித்துக்கொண்டார். "உள்ளேன் மிஸ்" என்றாள் அனிதா. "உள்ளேன் மிஸ்" என்றாள் இந்துமதி.

நான் கேட்டைத் தாண்டி வந்து கடையைத் திறந்தேன். நினைப்பெல்லாம் பள்ளியிலேயே இருக்க, ஒருவருடைய ஆதார் அட்டையைத் தலைகீழாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். அன்று சாயங்காலம் வரை பள்ளியிலிருந்து போன் வரவில்லை, அக்கா.