மின்மினிக்கு இகிரெக் இல்லை

1. நடுங்காத கை

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பாகூரில், கொம்யூன் ஆபீசில் குமாஸ்தா வேலை கேட்டுப் போனவன், வண்டுக்கு விதை எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். என் பிரெஞ்சுக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகப் போயிற்று. வில்லியனூரில் ஜாகை வைத்திருந்த ஒரு முசேவிடம், அதாவது பிரெஞ்சு துரையிடம், என்னை அனுப்பினார்கள். வண்டுகளை ஆராய்வதற்காகவே கப்பலேறி வந்தவர். அவர் என் கையெழுத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நடுங்காத கை. உடனே ஒரு இடுக்கியையும் ஒரு தென்னை வண்டையும் எதிரே வைத்துவிட்டார்.

ஆண் வண்டைத் திறந்து விதையை எடுத்து, ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்த புட்டியில் போட வேண்டும். பிறகு கண்ணாடித் தகட்டில் வைத்து, கார்மின் சாயம் விட்டு நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சிவப்பேறிய சின்னச் சின்னக் குச்சிகளாகத் தெரிபவைதான் குரோமோசோம். அவற்றில் ஒன்று குடைபோல விரிந்திருக்கும். அதன் கீழே, குடை பிடித்த ஆள் மாதிரி ஒரு பொட்டு. குடைக்குப் பெயர் இக்ஸ், பொட்டுக்கு இகிரெக்; இங்கிலீஷ்காரன் எக்ஸ், ஒய் என்பதைப் பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் சொல்வான். பெண் வண்டுக்கு இரண்டு குடை. ஆணுக்கு ஒரு குடையும் இந்தப் பொட்டும். ஆண்பிள்ளை என்ற என் கர்வம் அன்றைக்கே அந்தப் பொட்டளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அப்பா “ஆராய்ச்சி” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்.

2. சாவடி

வண்டு கிடைப்பது பாகூர்த் தோப்புகளில். முசே இருப்பது வில்லியனூரில். நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர்கள். அங்கே ஒரு சுங்கச் சாவடி. பிரெஞ்சு எல்லையிலிருந்து மலிவுச் சாராயம் வராமல் தடுப்பது ஜமேதார் கோவிந்தசாமியின் வேலை. நானோ ஸ்பிரிட் மணக்கும் புட்டியோடு சைக்கிளில் போகிறவன். புட்டியைக் கொட்டிவிட்டு வந்தால் திரும்பி வரவேண்டாம் என்று முசே சொல்லியிருந்தார்.

ஜமேதார் மூடியைத் திறந்து மோந்தார்.

“யோவ், இன்னா இது?”

“வண்டோட விதைங்க.”

“சரக்குல ஊறப்போட்டுகிறியே, லேகியமா?”

“ஆராய்ச்சிங்க.”

“ஆராய்ச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” புட்டி சாய்ந்தது.

சாவடிக்குப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் மோர் விற்றுக்கொண்டிருந்தவள் தனம், ஜமேதாரின் மனைவி. மூன்றும் பெண்ணாகப் பெற்றவள். அதற்காக ஜமேதாருக்கு அவருடைய அக்கா மகளை இரண்டாந்தாரமாகப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். சாவடியைக் கடக்கிற மாட்டுக்குக்கூடத் தெரிந்த செய்தி அது. புட்டி சாய்ந்த பயத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

“கொட்டாதீங்க! பொறக்கறது ஆணா பொண்ணான்னு இதுலதாங்க தெரியும்!”

புட்டி நிமிர்ந்தது. “இன்னா சொல்ற?”

“ஆம்பள விதையில ரெண்டு தினுசுங்க. பொட்டு இருந்தா ஆணு, குடை இருந்தா பொண்ணு. பொம்பளகிட்ட பொட்டே கெடையாது.”

தனத்தின் அகப்பை நின்றது. “அது வண்டுக்கு மட்டுமாண்ணே?”

“மனுசனுக்கும் அப்படித்தான்னு முசே சொல்றாரு.”

“கேட்டியாய்யா? மூணையும் நான் ஒருத்தியே மோர்ப்பானையில கடைஞ்சி எடுத்த மாதிரி உங்க அக்கா ஊர் பூரா சொல்லிக்கினு திரியுது!”

ஜமேதார் மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தார். “கெளம்புய்யா மொதல்ல.”

அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் சாவடியில் என் பிரசங்கம் நடந்தது. தைப் பேச்சு தளர்ந்தது. ஒரு குடித்தனத்தையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் நான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் இரண்டு முறை அறுந்தது.

3. பொட்டு தொலைந்தது

மழைக்காலத்தில் முசே மின்மினி கேட்டார். அதுவும் வண்டு ஜாதிதானாம். வயல் வரப்பில் பிடித்து, விதை எடுத்து, சாயம் விட்டுப் பார்த்தோம். பொட்டைக் காணோம். நான்தான் நசுக்கித் தொலைத்துவிட்டேன் என்று அடுத்த தகட்டை மெதுவாக நசுக்கினேன். அதிலும் இல்லை. வேலை போயிற்று என்று நினைத்தால் முசே என்னைக் கட்டிக்கொண்டார். ஆண் மின்மினிக்கு இகிரெக்கே கிடையாது! வண்டு வம்சத்தில் இது எந்தக் காலத்திலோ பொட்டைத் தொலைத்துவிட்டது. தொலைத்த கவலையே இல்லாமல் மினுக்கிக்கொண்டும் இருக்கிறது.

புத்தியுள்ளவன் இதைச் சாவடியில் சொல்வானா? அடுத்த தடவை ஜமேதார் “இன்னா புதுசு?” என்றதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டேன்.

அவர் தொடையைத் தட்டினார். “பொட்டே இல்லாம ஆணு பொறக்குதா? அப்ப நீ சொன்னதெல்லாம் புளுகு! தனம், அக்காவுக்கு ஆள் அனுப்பறேன். தையிலயே வச்சிக்கலாம்.”

தனம் அகப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் முசே புட்டியை என் தலையில் உடைத்திருக்கலாம்.

வியர்த்துப்போய் அவளிடம் இரண்டு டம்ளர் வாங்கினேன். ஒன்றைக் குடைபோலக் கவிழ்த்தேன்.

“ஜமேதாரய்யா, பொட்டு போனாலும் குடை இருக்குங்க. இந்த ரெண்டு டம்ளரும் ஆம்பள விதை. அவன்கிட்ட இருக்கறது ஒரே குடை. ஒரு விதைக்குக் கெடைக்கும், இன்னொண்ணுக்குக் கெடைக்காது. கெடைச்சா பொண்ணு, கெடைக்காட்டி ஆணு. பொம்பளயோட முட்டை எல்லாத்துலயும் குடை உண்டு. அப்பவும் பிரிச்சி விடறது ஆம்பளதாங்க!”

ஜமேதார் கவிழ்ந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்த்தார்.

“அன்னிக்கு பொட்டுன்ன. இன்னிக்குக் குடைன்ற. நாளைக்கு வேற வண்டு வேற சொல்லும். உன்ன நம்பி நான் எப்படிய்யா ஒரு முடிவு எடுக்கறது? எல்லா வண்டையும் பாத்து முடி. முடிச்சிட்டு வந்து ஒரே பேச்சா சொல்லு. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு கெடையாது.”

அவர் உள்ளே போனதும் தனம் கேட்டாள். “எல்லா வண்டும்னா எத்தினி இருக்கும்ணே?”

“உலகத்துல வேற எந்தப் பிராணியிலயும் இத்தன வகை இல்லன்னு முசே சொல்வாரு. எண்ணி முடிச்ச ஆள் கெடையாதாம்.”

கவிழ்த்திருந்த டம்ளரை நிமிர்த்தி விளிம்பு வரை மோர் ஊற்றினாள்.

“அவசரமே இல்லண்ணே. நிதானமா பாருங்க.”

அடுத்த வருஷமே முசே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். நான் கொம்யூன் ஆபீசிலேயே முத்து முத்தாக எழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். இடுக்கியைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. ஆராய்ச்சி வேலைக்குப் போகும் இளைஞர்கள் கேட்டால் நான் சொல்லக்கூடிய பாடம் ஒன்றுதான்: தெரிந்த மட்டும் சொல்லுங்கள், மிச்சம் இருப்பதை மறைக்காதீர்கள். சாவடியைக் கடக்கும்போது நரைத்த மீசையோடு ஜமேதார் இன்றும் கேட்கிறார்.

“இன்னாய்யா, முடிஞ்சுதா?”

“இன்னும் பாக்கி இருக்குங்க.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.