செத்த பிறகு வந்த அல்பம்

என் தம்பி உடையார்கட்டில் லாண்ட்மாஸ்டர் உழவுமெஷின் ஓட்டினான். மிச்ச நேரத்தில் ராப் பாடினான். அவன் பாட்டை விரும்பிக் கேட்டவள் நான் மட்டும்தான். அம்மா விரும்பாமல் கேட்டார்.

போன மாரிக்கு முன் பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு லொறி அவனை அடித்துப்போட்டது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிவதற்குள் அவன் பெரிய கலைஞனாகிவிட்டான். 'வன்னியின் குரல்' என்று முகப்புத்தகத்தில் எழுதினார்கள். அவன் உயிரோடு அனுப்பிய பாட்டுகளைத் திறந்தும் பாராதவர்கள்தான் அதிகம் எழுதினார்கள்.

பிறகு கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தார். தம்பி அவருக்கு மாதக்கணக்காகப் பாட்டு அனுப்பி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்கூட வாங்கவில்லை. அண்ணா கதிரையில் இருந்து அழுதார். தேத்தண்ணி குடித்தார்.

"தங்கச்சி, அவன்ர வெளிவராத பாட்டெல்லாத்தையும் சேர்த்து அல்பமா விடப்போறன். அவன்ர போனைத் தா. எல்லாம் வேணும், இருமினதும் வேணும்" என்றார்.

இருமினதும் வேண்டும் என்றது பகிடியில்லை என்று பிறகுதான் விளங்கியது.

தம்பி அலுமாரிக்குள் தலையை விட்டுத்தான் பாட்டைப் பதிவுசெய்வான். அம்மாவின் சேலைகள் வெளிச்சத்தத்தை மறிக்கும் என்பது அவன் கணக்கு. கோழியை மறித்தன, அம்மாவை மறிக்கவில்லை. அதனால் அந்தப் போனில் முழுசாக முடிந்த பாட்டு ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் தொடங்கி, இடையில் யாரோ கூப்பிட்டு, நின்றுபோனவை.

அண்ணாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே வயலின் போட்டார். "பெல்ட் அறுந்துபோச்சு அண்ணை, நாளைக்கு வாறன்" என்று தம்பி கராஜுக்கு அனுப்பிய குரல்பதிவு, பிரிவைப் பற்றிய பாட்டானது. இன்னொன்றில் அம்மா கத்துவதை எதிரொலிக்க விட்டு, 'தாயின் ஓலம்' என்று பெயர் வைத்தார். அம்மா அதைக் கவனமாகக் கேட்டார்.

"இது நான் மோட்டரை நிப்பாட்டச் சொன்னதல்லோ?"

"ஓம் சித்தி. ஆனா கேக்கிற ஆக்களுக்கு அதில ஒரு வலி இருக்கு."

"வலியில்லை மேனை, டாங்கி நிரம்பித் தண்ணி வழிஞ்சது."

முடிந்த அந்த ஒரு பாட்டை மட்டும் அண்ணா சேர்க்கவில்லை. தரம் காணாது என்றார். அது எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரைப் பற்றிய பாட்டு. விளையாட்டுப் போட்டியில் தம்பி பாடிக்கொண்டிருந்தபோது, "இது பாட்டில்லை, நாய் குரைக்கிறது" என்று சொல்லி மைக் வயரைப் பிடுங்கியவர் அவர். வெளியீட்டு விழாவின் பிரதம விருந்தினரும் அவர்தான்.

விழா கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைவர் தம்பியின் படத்துக்கு மாலை போட்டார். படப்பிடிப்புக்காரர் கேட்டதால் கழற்றி இன்னொருமுறை போட்டார்.

"இந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவன் நான்" என்று பேச்சைத் தொடங்கினார். அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டைத் தம்பி எனக்கும் அனுப்பியிருந்தான். பேச்சு முடிந்து கைதட்டும்போது, ஒலிபெருக்கிக்காரரிடம் என் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணை, இதுவும் அவன்ர பாட்டு. விட்டுப்போச்சு."

அவர் வயரைச் செருகினார்.

"மேடை கண்டா ஏறுவார், மைக்கைக் கண்டா உருகுவார், வாய்க்கால் உடைஞ்ச அண்டைக்கு மட்டும் கொழும்பில நிப்பார்."

வயலின் இல்லை, எதிரொலி இல்லை. தம்பியின் குரல் மட்டும் மண்டபம் முழுக்க நின்றது. தலைவர் முன்வரிசையில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிய பிறகும் போட்டார். "மற்றவன் பாடினா வயரைப் புடுங்குவார்" என்ற இடத்தில்தான் கால் நின்றது. அண்ணா ஓடிவந்து எந்த வயரைப் பிடுங்குவது என்று தெரியாமல் தடவினார். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

தலைவர் எழும்பி மைக்கை வாங்கி, "பொடியன் பகிடிக்குப் பாடினவன். எனக்கு அவனில சரியான விருப்பம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியில் அண்ணா என்னைப் பிடித்துக்கொண்டார். "நிகழ்ச்சியையே நாறடிச்சிட்டாய்."

"எல்லாம் வேணுமெண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்."

அவர் அடுத்த கிழமை திரும்பிப் போனார். மண்டபத்தில் யாரோ போனில் பிடித்த அந்தப் பாட்டு மல்லாவி வரை போய், ரியூசன் பிள்ளைகளின் வாயில் கிடக்கிறது. அல்பத்தை யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

விழா அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதை அவன் உயிரோட இருக்கேக்க சபையில பாடியிருந்தா, நானே அகப்பையால போட்டிருப்பன்" என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, பாட்டை இன்னொருக்கால் போடச் சொன்னார்.