நான் குதிரை ஓடின கதை

நான் மனதார வெறுக்கிற மனுசன் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். பத்தொன்பது வருசம் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை. தங்கமான மனுசன் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்.

நான் கணிதம் படிப்பித்துப் பென்சனுக்கு வந்தவன். வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் குசினிக்குள் புகுந்து கறிகளில் உப்புப் பார்க்கத் தொடங்கினேன். நாலாம் நாள் மனைவி இரண்டு பின்னல் ஊசியையும் ஒரு நூல் பந்தையும் கையில் தந்து விறாந்தையில் இருத்திவிட்டாள். திருகோணமலை வெயிலில் கம்பளி பின்னுகிற ஆம்பிளை வேறு யாரும் இருந்தால் அறியத்தரவும். முதலில் பின்னிய சால்வை முக்கோணமாக வந்தது. அது சமபக்க முக்கோணம் என்று நிறுவிக் காட்டினேன். மனைவி அதைப் பிடித்துத்தான் அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிறாள்.

குதிரை பிறகு வந்தது. உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிந்த வயதான பெண்குதிரை. சொந்தக்காரர் வெளிநாடு போகிற அவசரத்தில், வைத்துப் பார்க்கிறவருக்குச் சும்மா தருகிறேன் என்றார். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மச்சானின் வளவு வெறுமையாகக் கிடந்தது. விடியச் சைக்கிளில் போய், காயப்போட்ட கருவாட்டுப் பாய்களைத் தாண்டி அதற்கு நடை பழக்குவேன். நில், திரும்பு, பின்னுக்கு வா. அது எனக்கு விழப் பழக்கியது.

இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன. காலையில் கடிவாளத்தை இழுத்த விரல்கள் பின்னேரம் விறைத்துப்போய் நூலை இறுக்கிவிடும். பின்னலுக்குள் ஊசி நுழையாது. ஒருநாள் கடிவாள வாரையும் நூலைப் போலவே தளரவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். குதிரை சொன்ன இடத்தில் நின்றது. பின்னேரம் பின்னலும் நேராக வந்தது. அன்றைக்கு என்னைப் போல ஞானி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதுதான் பிழையாய்ப் போனது.

எங்கள் பக்கத்தில் 'குதிரை ஓடுறது' என்றால் குதிரையில் ஏறி ஓடுவது மட்டுமில்லை. ஒருவருடைய பரீட்சையை இன்னொருவர் களவாகப் போய் எழுதிக் கொடுப்பதற்கும் அதுதான் பேர்.

கல்விக் கந்தோருக்குப் புதிதாக வந்த அதிகாரி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் தமிழ் வாத்தியாரிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். பரீட்சை மேற்பார்வையாளர் பட்டியலில் என் பெயர் இருந்தது.

"கணித மாஸ்டர் இப்ப என்ன செய்யிறார்?"

"அவரோ? உள்ளதைச் சொன்னால் சேர், அவர் இப்ப குதிரை ஓடுறார்."

கண்ணையும் சிமிட்டினாராம். கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை.

உங்களுக்கு இது சின்ன விசயமாக இருக்கலாம். வீட்டில் நான் சொல்வதைப் பூனையும் கேட்காது. வருசத்தில் அந்தப் பத்து நாள், அந்த மண்டபத்தில் மட்டும், நான் இருமினால் இருநூறு பிள்ளைகள் நிமிர்ந்து இருக்கும். ஒரு களவு நடக்கவிட்டதில்லை. இப்போது சந்தையில் மீன்காரர் கேட்கிறார், "என்ன சேர், இந்தமுறை ஆருக்கு ஓடுறியள்?"

நேரே போய்த் தமிழ் வாத்தியாரைப் பிடித்தேன்.

"உள்ளதைச் சொன்னால் மாஸ்டர், நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே. நீங்கள் குதிரை ஓடுறனீங்கள்தானே?" என்று பல்லைக் காட்டினார்.

உள்ளதைச் சொன்னால். இந்த மனுசனுக்கு வாய் திறக்க அந்தச் சொல் வேண்டும். தண்ணீர் கேட்பதற்கும் உள்ளதைச் சொன்னால்தான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. விடியும்போது திட்டம் தயார்.

குதிரையின் காதுக்குள் நூல்நுனி பட்டால் அது தலையை இரண்டு பக்கமும் உதறும். பார்க்கிறவருக்கு 'இல்லை, இல்லை' என்று சொல்வது போலவே இருக்கும். நான் "உள்ளதைச் சொன்னால்" என்பேன், நூலால் கிச்சுக்கிச்சு மூட்டுவேன், உதறியதும் ஒரு துண்டுச் சர்க்கரை. மூன்றாம் கிழமை நூல் தேவைப்படவில்லை. ஆனால் சல்லியில் கருவாட்டை மொய்க்கிற இலையான்கள் காதில் இருந்தாலும் அது தலையை உதறும். அது சரிவராது. என் குதிரை அந்தச் சொல்லுக்கு மட்டுமே உதறவேண்டும். ஆகவே காதுக்குத் தொப்பி பின்னினேன். முதலாவது கம்பளி. குதிரை வேர்த்துப்போய் அதைக் கழற்றித் தின்னப் பார்த்தது. இரண்டாவது பருத்தி நூல், சிவப்பு. ஒவ்வொரு கண்ணி போடும்போதும் அந்த மனுசனின் பல்லை நினைத்துக்கொண்டேன். என் ஆயுளில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் பின்னியதில்லை.

"ஆருக்கப்பா இவ்வளவு ஆசையாப் பின்னுறியள்?" என்றாள் மனைவி.

"ஒரு சிநேகிதருக்கு."

பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி வந்தது. அணிநடைக்கு முன்னால் குதிரையைக் கொண்டுவரவா என்று அதிபரிடம் கேட்டேன். குளிர்ந்துபோனார். மைக்கில் அறிவிப்பு யார்? வேறு யார், தமிழ் வாத்தியார்தான். பிரதம விருந்தினர் அதே கல்விக் கந்தோர் அதிகாரி. கடவுள் சிலவேளை கணிதம் படித்தவர்களுக்கும் உதவி செய்கிறார்.

சிவப்புத் தொப்பியோடு குதிரையை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"உள்ளதைச் சொன்னால், எங்கள் பாடசாலை ஒழுக்கத்தில் முதலிடம்!"

குதிரை இல்லை என்றது. முன்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

"உள்ளதைச் சொன்னால், அதிபர் அவர்கள் பணத்தையோ புகழையோ விரும்பாதவர்."

குதிரை பலமாக மறுத்தது. அதிபர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். மூன்றாம் தரம் மைதானம் முழுக்க அவரோடு சேர்ந்து கத்தியது, "உள்ளதைச் சொன்னால்!" குதிரை தொப்பி பறக்கிற மாதிரி உதறியது. தமிழ் வாத்தியாருக்கு முகம் கறுத்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு சொல் மனதில் வந்ததா? வரவில்லை.

அப்போது அதிகாரி எழும்பி வந்தார்.

"இது ஆற்றை குதிரை?"

"என்ரை, சேர்."

அவர் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மேடைப் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், அண்டைக்கு நீங்கள் கடையில சொன்னது இந்தக் குதிரையையோ?"

நான் இரண்டு மாதமாகக் காத்திருந்த கேள்வி. தமிழ் வாத்தியார் பயந்துபோய், வாழ்க்கையில் முதல்தடவையாக நேர்மையாக, மைக்கை வாயிலிருந்து எடுக்கவும் மறந்து பதில் சொன்னார்:

"உள்ளதைச் சொன்னால் சேர், ஓம். இந்தக் குதிரையைத்தான். அவர் ஆருக்கும் சோதினை எழுதினவரில்லை."

என் அருமைக் குதிரை, நான் சர்க்கரை கொடுத்து வளர்த்த குதிரை, இல்லை இல்லை இல்லை என்று தலையை உதறியது.

மைதானம் உருண்டு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவருடைய நெற்றி மறுபடியும் சுருங்கியது.

"சேர், அவர் சொல்லுறது உண்மை!" நான் மைக்கைப் பறித்தேன். "குதிரை சொல்லுறதுதான் பொய்! நான்தான் பழக்கினனான்!"

ஆயிரம் பேருக்கு முன்னால், நான் வெறுக்கிற ஒரே மனுசன் உண்மை பேசுகிறவர் என்று நானே சாட்சி சொன்னேன். சொல்லை, நூலை, சர்க்கரையை, தொப்பியை, எல்லாவற்றையும் கக்கினேன். அதிகாரி நம்பாமல் குதிரையின் காதுக்குக் கிட்டப் போய், குரலைச் செருமி, "உள்ளதைச் சொன்னால்" என்று மெதுவாகச் சொன்னார். அது உதறியது. அவர் இன்னொருமுறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது அவருக்குக் கண்ணீர் வருமளவு சிரிப்பு.

பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்னால் கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் நான். எனக்குக் கீழே உள்ள நோக்குநர்களின் பட்டியலில் நாலாவது பெயர் தமிழ் வாத்தியார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று மனைவியைக் கேளுங்கள்.

முதல்நாள் காலை மண்டபத்தில், மின்விசிறி எட்டாத, வெயில் விழுகிற மூலை யன்னலைக் காட்டி, "நீங்கள் அங்கை நில்லுங்கோ, மாஸ்டர்" என்றேன்.

"மாஸ்டர், உள்ளதைச் சொன்னால்…" என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தி, மதிலுக்கு வெளியே ரோட்டை எட்டிப் பார்த்தார். குதிரை இல்லை.

நான் அவரைப் பார்த்தபடி என் தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினேன். அவர் மூலைக்குப் போனார்.