பின்கதவில் ஐந்து புள்ளிகள்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஜோர்டானில், ஸர்கா நகரில் டிங்கர் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய் ராகெபைக் கேட்கலாம். அவர் பதில் சொல்ல மாட்டார். ஆனால் பொய் என்றும் சொல்ல மாட்டார். எழுந்து போய் வேலையைப் பார்ப்பார்.

நள்ளிரவில் நடந்ததில்லை இது. வெள்ளிக்கிழமை, பட்டப்பகல்.

ராகெபுக்கு ஒரே மகள், ரனீம். அதனால் தெரு அவரை அபூ ரனீம், ரனீமின் அப்பா, என்றுதான் கூப்பிடும். அம்மானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் நாள்; அங்கே வாரம் அன்றுதான் தொடங்கும். விடியாத ஐந்தரை மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். போன குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து எவனோ ஒருத்தன் வீட்டு வாசல் வரை அவள் பின்னாலேயே வந்திருக்கிறான். அதிலிருந்து ராகெபுக்குத் தூக்கம் போயிற்று. இவளை பஸ்ஸில் அனுப்பக் கூடாது, ஒரு கார் வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அடிபட்டு ஏலத்துக்கு வந்த கார்கள் கப்பலேறி ஸர்காவில் வந்து குவியும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு. அடிச்சட்டம் நேராக இருக்கிறதா, எஞ்சின் பேசுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை. ராகெபும் கேட்கவில்லை. ஷுக்ரி என்ற வியாபாரியிடம் ஒரு வெள்ளைக் கார் சல்லிசாகக் கிடைத்தது. முன்பக்கம் அடி. இடது பின்கதவில் கைப்பிடி ஓரமாக ஒரு நசுங்கல். மூன்று வாரம் உழைத்தார். மிச்சம் அந்தக் கதவு மட்டும்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தகரம் தேய்க்கிற பழைய சாண்டர் மூச்சை விட்டது. கருவிக் கடை அபூ ஜிர்யெஸிடம் போனார்.

"மவளுக்குச் செய்யிற கார். மட்டமானதைத் தள்ளி விடாத."

"உன் கிட்ட மட்டமானதைத் தள்ளி விட்டா நீ என் கடையையே தேய்ச்சு சமமாக்கிடுவ. இந்தா, புடி."

அபூ ஜிர்யெஸ் நீட்டியது இரட்டை ஆட்டம் உள்ள சாண்டர். அடித்தட்டு சுழலும், சுழலும்போதே அச்சை விட்டு விலகி ஆடும். அதனால்தான் தேய்த்த இடத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழாது. ராகெப் காற்றுக்குழாயை மாட்டி ஓட்டிப் பார்த்தார். அதிர்வு மணிக்கட்டோடு நிற்க வேண்டும். முழங்கை வரை ஏறினால் அது ஆகாது.

"ஆட்டம் எவ்வளவு?"

"அஞ்சு மில்லி. பட்டிக்கு இதான் சரி. கடைசி மினுக்கலுக்கு ரெண்டரை மில்லி ஆட்டம் வேணும். ரெண்டையும் எடுத்துக்கோ, அபூ ரனீம்."

"ரெண்டு கை இருக்குன்னு ரெண்டு மூக்கு வாங்குவியா? அஞ்சு போதும்."

அபூ ஜிர்யெஸ் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை 11:05. விடுமுறை நாள், தெருவில் எல்லாக் கடையும் அடைத்துக் கிடந்தது. ராகெப் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனார். நசுங்கலை நிரப்பப் பூசிய பட்டிப் பசை காய்ந்திருந்தது. புது சீட்டுகள், தூசி போகக் கூடாது. நான்கு கதவுகளையும் கண்ணாடிகளையும் சாத்தினார். வெல்டிங்குக்காக பேட்டரியைக் கழற்றியது கழற்றியபடியே இருந்தது.

சாண்டரைக் கதவில் படிய வைத்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். சுழல விட்டுக் கொண்டுபோய் வைத்தால் பிறை பிறையாகக் கடித்துவிடும். அழுத்தவும் கூடாது. அதன் கனமே போதும். முதலில் எண்பது நம்பர் தாள், பிறகு நூற்றெண்பது. புது சாண்டர் வெண்ணெய் மாதிரி ஓடியது. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண் ஏமாறும், கை ஏமாறாது. சமம். ஒரு குறையும் இல்லை.

12:20. தொழுகைக்குக் கிளம்பும் முன் பட்டியின் மேல் கரித்தூளைத் தடவினார். திரும்பி வந்து மெல்லத் தேய்த்தால் பள்ளம் இருக்கிற இடத்தில் கருப்பு நிற்கும். மேடு இருக்கிற இடத்தில் கருப்பு முதலில் போகும். இன்னும் தேய்த்தால் பட்டியும் போய்த் தகரம் பளிச்சிடும்.

1:18. தேய்த்தார்.

நான்கு இழுப்புதான். கருப்புக்கு நடுவில் தகரம் பளிச்சிட்டது. ஒரு புள்ளி. இரண்டு. மொத்தம் ஐந்து. நான்கு வரிசையாக, ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிக் கீழே.

மேடு. ஐந்தும் மேடு.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவரே தடவிப் பார்த்த கதவு. வெளியே இருந்து அடி விழுந்தால் பள்ளம்தான் வரும். மேடு வர வேண்டுமானால்... உள்ளே இருந்து யாராவது தள்ள வேண்டும்.

"வயசாச்சுடா ராகெப்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். சின்னச் சுத்தியால் ஐந்தையும் தட்டி இறக்கினார். மறுபடி பட்டி போட்டார். பட்டி இறுகும்போது சூடேறும். கை வைத்தால் புதுரொட்டி மாதிரி இருக்கும். இதுவும் சூடேறியது.

அந்த ஐந்து இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

2:05. மறுபடி தேய்த்தார். மறுபடி ஐந்து புள்ளி. இந்த முறை இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தன. கைப்பிடியை நோக்கி.

விசையிலிருந்து விரலை எடுத்தார். சாண்டர் முனகி நின்றது.

டக்... டக்.

கம்ப்ரசர் என்று நினைத்தார். போய் அதையும் நிறுத்தினார்.

டக்... டக்... டக்.

காருக்குள்ளிருந்து.

கதவைத் திறந்தார். சத்தம் உடனே நின்றது. உள்பக்க அட்டையைக் கழற்றி, விளக்கடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் மெல்லிய பழுப்பு மண். ஸர்கா மண் மஞ்சளாக இருக்கும். இது பாசி வாடை அடித்தது.

2:40. ஷுக்ரிக்குப் போன் போட்டார்.

"ஷுக்ரி, இந்தக் கார்ல யாராவது செத்தாங்களா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னய்யா பேச்சு? சுத்தமான வண்டி. ஓட்டினவன் உயிரோட இருக்கான்."

"தண்ணில விழுந்த வண்டியா?"



"காகிதம் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை பாத்துச் சொல்றேன்."

3:30. ரனீம் மக்லூபா சோற்றைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யாபா, தலை, மீசை எல்லாம் வெள்ளை! அம்மா பாத்தா வேற கிழவன்னு வெளிய தள்ளிடுவா."

அவரால் சிரிக்க முடியவில்லை. மகளைப் பார்த்ததும் பயம் போனது மட்டும் உண்மை. இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு, முடிந்துவிடும், நாளை மறுநாள் இவள் பஸ் ஏற வேண்டாம் என்று நினைத்தார். மூன்றாவது முறை போட்ட பட்டி காய்ந்திருந்தது.

ரனீம் அதற்குள் முன் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாயிற்று.

"நான் உக்காந்து பாக்கறேன். நீங்க தேய்ங்க."

"கதவைச் சாத்திக்கோ. தூசி போகும்."

அதைச் சொன்னது அவர்தான்.

3:41. சாண்டர் ஓடியது. ஒரு நிமிடம். விரலை எடுத்தார்.

டக். டக். டக்.

"ரனீம், விளையாடாத."

"நீங்கதானே தட்டுறீங்க?"

"நான் தட்டல."

"பின்னாடி தட்டுச்சு யாபா... என் சீட்டுக்குப் பின்னாடி."

"இறங்கு."

கைப்பிடியை உள்ளிருந்து இழுத்தாள். திறக்கவில்லை. அவர் வெளியிலிருந்து இழுத்தார். வரவில்லை. சுற்றி ஓடினார். நான்கு கதவும் இறுகிக் கிடந்தன. சாவி போட்டார். திரும்பவில்லை.

"யாபா... காலெல்லாம் ஈரமா இருக்கு."

"பொறு."

"முட்டி வரைக்கும்..."

டக் டக் டக் டக்.

பின்கதவைப் பார்த்தார். கரித்தூளுக்கு நடுவே தகரம் மின்னியது. ஐந்து இல்லை. பத்து.

ரனீமின் வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

சுத்தி.

ஓங்கினார்.

கண்ணாடி நொறுங்கியது. அக்குளில் கை கொடுத்து அவளை ஜன்னல் வழியாக இழுத்தார். இருவரும் சிமெண்டுத் தரையில் விழுந்தார்கள்.

3:47.

அவள் செருப்பு உலர்ந்திருந்தது. காருக்குள்ளும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுநாள் ரனீமே வாதாடினாள். "பூட்டு சிக்கிக்கிச்சு, நான் பயந்துட்டேன், அவ்வளவுதான். இதுக்குப் போய் காரை விக்கணுமா?" அவருக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. சனிக்கிழமை மாலை 4:00 மணிக்குக் கடைக்குப் போனார். உடைந்த ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தார். நான்கு கதவையும் அறைந்து சாத்தினார். பத்து மேட்டையும் தட்டி, பட்டி போட்டு, காய வைத்துத் தேய்த்தார். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

பத்து நிமிடம். ஒரு சத்தம் இல்லை.

கரித்தூள் சீராகப் போனது. ஒரு புள்ளி இல்லை. கண்ணை மூடித் தடவினார். வழவழவென்று, இளஞ்சூடாக, மற்ற எந்தக் கதவையும் போல் இருந்தது. நின்ற இடத்திலேயே ராகெபுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கண்ணாடி வந்துவிடும். ஒரே ஒரு நாள் மட்டும் மகள் பஸ்ஸில் போகட்டும், திங்களிலிருந்து கார். அப்படித்தான் முடிவு செய்தார்.

ஞாயிறு காலை 8:10. ரனீம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். வந்து சேர்ந்துவிட்டாள், சீருடை தொளதொளவென்று இருக்கிறது, அவ்வளவுதான் செய்தி.

9:20. ஷுக்ரி.

"அபூ ரனீம், என் பிள்ளைங்க மேல ஆணையா எனக்குத் தெரியாது. இப்பத்தான் காகிதத்தைப் படிச்சுக் காட்டச் சொன்னேன், ஏலத்துல எடுத்து அனுப்பினவனையும் கேட்டேன். வண்டி கால்வாய்ல விழுந்திருக்கு. ஓட்டினவன் ஜன்னல் வழியா நீந்தி வந்துட்டான். பின் சீட்ல ஒரு பொம்பளை. அவ வரல."

"ம்."

"தூக்கிக் கரையில வச்சா பின்கதவு திறக்கல. மெஷின் வச்சு நெம்பியிருக்காங்க. மெஷினை நிறுத்துறப்பல்லாம் உள்ள இருந்து தட்டுற சத்தம். ‘இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்’னு கத்திக்கிட்டே நெம்பினாங்களாம்."

"பிழைச்சாளா?"

"எங்கய்யா பிழைக்கிறது... வண்டி தண்ணிக்குள்ள ரெண்டு நாள் கிடந்திருக்கு."

ராகெப் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"உடம்பை எடுத்த பிறகும் கதவைச் சாத்தினா தட்டுமாம். திறந்து வச்சா நின்னுடுமாம். ஏலக் கொட்டடியில நாலு கதவையும் திறந்து போட்டே வச்சிருந்திருக்காங்க. உன் கிட்ட இப்பவும் தட்டுதா?"

"இல்ல. வெள்ளிக்கிழமையோட நின்னுடுச்சு."

"அப்ப விடு. போயிடுச்சு."

போயிடுச்சு. எங்கே?

வெள்ளிக்கிழமை அந்தக் காரிலிருந்து வெளியே வந்தது ரனீம் மட்டும்தான். அவர்தான் இழுத்தார். அவர் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனார்.

கையிலேயே போன் மறுபடி அடித்தது. 9:26. மனைவி ஹைஃபா.

"அபூ ரனீம், உங்க மவ இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"ஏன்?"

"பெருக்கிட்டு இப்பத்தான் அவ ரூம் கதவைச் சாத்தினேன். உள்ள இருந்து தட்டுறா. கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறா. முதல் நாளே திரும்பி வந்துட்டாளா என்ன? எப்ப வந்தா, நான் பாக்கவே இல்லையே..."

போனில் அவருக்கே கேட்டது.

டக். டக். டக்.

"இருங்க, திறந்து நாலு வார்த்தை கேக்கறேன்."

திறக்காதே என்று கத்த வாய் வந்தது. வெளியே ஓடு என்று சொல்ல வந்தது. காரில் அகப்பட்ட மகளின் முகம் கண்முன் வந்தது. சாத்தியபோதுதான் அது நடந்தது. திறந்தபோது இல்லை.

"ஹைஃபா... திற. நல்லா அகலமாத் திற. திறந்துட்டுத் தள்ளி நில்லு. இனிமே சாத்தாத."

கிறீச் என்று கதவு திறந்தது. தட்டல் நின்றது.

ஹைஃபாவின் செருப்புச் சத்தம் இரண்டடி போய் நின்றது. பிறகு, "இங்க யாருமே இல்லையே" என்றாள்.

அந்தக் காரை ராகெப் இரும்புக்குப் போட்டுவிட்டார். ரனீமை தினமும் விடியற்காலையில், பிறகு வாங்கிய ஒரு பழைய வேனில் அவரே கொண்டுபோய் விடுகிறார். வண்டியின் ஜன்னல்களை ஜனவரிக் குளிரிலும் ஏற்றுவதில்லை. அந்த வீட்டில் குளியலறைக்குக்கூடத் திரைதான்.

எப்போதாவது காற்றில் வாசல் கதவோ அலமாரிக் கதவோ தானாகச் சாத்திக்கொள்ளும். அப்போது வீட்டில் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். யாராவது ஒருவர் எழுந்து ஓடுவார்கள்.

மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிட வேண்டும். நான்காவதில் தட்டத் தொடங்கிவிடும்.