ஏழு பாகம் தண்ணீர்

விமானப்படையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றேன். திருவரங்குளத்தில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: பொய் சொல்லமாட்டான், மகா கோபக்காரன். இரண்டாவது மட்டும்தான் உண்மை.

ஓய்வுக்கு முந்தைய வருடம் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து நண்பன் போன் செய்தான். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவன். இப்போது விசைப்படகு வைத்திருக்கிறான். நான் பெரிய அதிகாரியான பிறகு 'டா' போடுவதை விட்டுவிட்டான். எனக்கு அதில் எரிச்சல்தான்.

"நேத்து மத்தியானத்துலேருந்து நம்ம போட்டக் காணோங்க. தம்பியும் இன்னும் மூணு பேரும் இருக்காங்க."

காரை எடுத்துக்கொண்டு போனேன். ஐஸ் கம்பெனி வாசலில் கூட்டம். படகில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் மனைவி எழுந்து வந்து, "ஒரு பிளேன அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றாள். விமானங்களை நான் வீட்டுக் கொல்லையில் கட்டி வைத்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. உண்மையில் விமானமும் கப்பலும் விடிந்ததிலிருந்தே தேடிக்கொண்டிருந்தன. நண்பன் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொன்ன இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஒன்றும் தென்படவில்லை.

"கடைசியா வாக்கி டாக்கில என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இஞ்சின் நின்னுருச்சு, நங்கூரமும் பிடிக்காம இழுக்குது, ஏழு பாகம் தண்ணின்னு சொன்னானுங்க."

இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கடலின் ஆழத்தை அவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். போனில் கடல் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்ன இடத்தில் நாலு பாகம்கூட இல்லை. அப்படியென்றால் படகு அங்கே நிற்கவே இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எடத்த மாத்திச் சொல்லியிருக்கியா? கச்சான் காத்து கெழக்காம தள்ளுது. குடிதண்ணி ஒரு நாளைக்குத்தான் வச்சிருப்பானுங்க. உண்மையச் சொல்லு!" என்று கத்தினேன்.

அவன் தரையைப் பார்த்தான். "ஆபீஸ்ல சொன்னதுதாங்க" என்றான்.

சுற்றி நின்ற ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது. அன்றைக்குப் பல படகுகள் இலங்கைக் கடல் எல்லையை ஒட்டிப் போயிருக்கின்றன. இவன் உண்மையைச் சொன்னால் அத்தனை படகுக்கும் கடலுக்குப் போகும் டோக்கன் நின்றுவிடும். எல்லை வரை போனதை வாய்விட்டுச் சொல்வது அந்தத் துறைமுகத்தில் வழக்கமே இல்லை. தம்பியின் உயிர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று அவன் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் படையிலும் ஒரு வழக்கம் உண்டு. பறந்து முடித்து வந்ததும் எல்லோரும் ஓர் அறையில் கூடுவோம். அங்கே இருப்பவர்களில் மூத்தவர்தான் முதலில் தன் தவற்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும். அப்படி எத்தனையோ கூட்டங்களை நடத்தியவன் நான். சின்னச் சின்னத் தவறுகளாகப் பார்த்துச் சொல்லித் தப்பித்தவனும் நான்தான்.

அவன் பக்கத்தில் போய் மீன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

"இருபத்தாறு வயசுல வானத்துல வழி தவறிட்டேன்டா. முழுக்க என் தப்பு. எண்ணெய் தீரப்போற நேரத்துல வேற ஒரு ஊர்ல எறக்குனேன். காம்பஸ் பழுதுன்னு எழுதிக் குடுத்தேன். அதப் பாத்துக்கிட்ட மெக்கானிக் நம்ம கீரனூர்க்காரரு. கவனக்கொறைவுன்னு அவரு பேர்ல எழுதிட்டாங்க. அவருக்குப் பிரமோஷன் நின்னுபோச்சு. நா ஏறிக்கிட்டே போனேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "சொல்லுப்பா. டோக்கன் போனாப் போவுது" என்றார்.

நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எல்லைக்குப் பக்கத்துலடா. எடம் என் போன்ல இருக்குடா" என்றான்.

தேடுதல் மையத்துக்கு நானே பேசினேன். சாயங்காலம் நாலு மணிக்குப் படகு கிடைத்தது. எல்லைக்கு இங்கிட்டுத்தான் இருந்தது. நாலு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். படகுகள் கொஞ்ச நாள் கரையில் கிடந்தன. நண்பனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அந்தக் கீரனூர்க்காரரு இருக்காராடா?"

"தெரியலடா."

"தெரிஞ்சுக்க."

விசாரித்ததில் இருந்தார். நடந்ததை நடந்தபடி தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பும் முன் அதை எடுத்துக்கொண்டு கீரனூர் போனேன். வாசலில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் விறைப்பாக நிமிர்ந்து சல்யூட் அடிக்கப் போனார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திக் கடிதத்தைக் கொடுத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தார்.

"மூணு நாளு அந்தக் காம்பஸப் பிரிச்சுப் பாத்தேன் சார். அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "அனுப்பிருங்க சார். எம் பேரனுக்கு ஒரு நகல் வேணும்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.