வலி நின்றதை நம்பினேன்

அரியலூர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பதினான்கு குழல்விளக்குகள். மூன்று எரியவில்லை. கட்டுப் போட்ட வலது காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பெருவிரலை எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் அன்று சொல்வதாக இருந்தது.

தொடக்கம் சாதாரணமானது. பெருவிரல் அடுத்த விரலின் பக்கம் சாய்ந்தது. அடிமூட்டு வெளியே துருத்தியது. எங்கள் ஊர் பெரம்பலூரில் பார்த்தவர்கள் எல்லோரும் கால் ஆணி என்றார்கள். செருப்பு வார் உரசினால் வலிக்கும். பிறகு அந்த வலியும் நின்றுவிட்டது.

குணமாகிறது என்று நினைத்தேன். மிச்சத்தையும் கரைத்துவிட, மருந்துக் கடையில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். எரியவில்லை. அதனால் இன்னொன்றும் ஒட்டினேன்.

கறையை முதலில் பார்த்தவள் என் மனைவி.

"ஏங்க, எதை மிதிச்சுட்டு வந்தீங்க? வூடு பூரா ரத்தம்."

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் காலைப் பாரு."

ரத்தம் என் பெருவிரல் மூட்டிலிருந்துதான் கசிந்திருந்தது. அரியலூரில் பார்த்த மருத்துவர் இளம்பெண். "இது ஆணி இல்லீங்க ஐயா, எலும்பு," என்றார். பெருவிரல் மூட்டுப் புடைப்பு (விரல் உள்பக்கம் சாய, மூட்டெலும்பு வெளியே தள்ளுவது). பிளாஸ்டரில் இருந்த அமிலம் தோலைத்தான் அரித்திருந்தது.

"எரியவே இல்லையேம்மா."

"அதுதாங்க பிரச்சினையே."

கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். நான் மூன்று எண்ணினேன். பத்து இடத்தில் தொட்டதாக மனைவி சொன்னாள். சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன.

பல வாரங்கள் கட்டு மாற்றினார்கள். அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். தாழ்வாரத்தில் விளக்குகளை எண்ணிய அன்று கட்டைப் பிரித்த மருத்துவர், "விரல் தப்பிச்சுதுங்க," என்றார்.

"இலையில வைக்கிற பொங்கல்தான் இவருகிட்ட தப்பிக்காது டாக்டர்," என்றாள் மனைவி.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

புடைப்பு அப்படியே இருக்கிறது. எந்தப் பூச்சுக்கும் கரையாது. நேராக்க அறுவை சிகிச்சைதான். என் காலில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது இப்போது வேண்டாம் என்றார்கள். முன்பக்கம் அகலமான, மெத்தென்ற செருப்பு போதும். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால் ஆணி பிளாஸ்டரைத் தொடாதீர்கள். வலி குறைந்தாலும் காலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது என் காலின் செய்தி எனக்கு மாலையில்தான் வருகிறது. மனைவி விளக்கைப் போட்டு, பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரை பார்க்கிறாள்.

"இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க."

பகலில் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்துகொள்கிறேன்.